வியாழனுக்குள் பியானோ ட்யூனர் தேவை (சென்னை)

எங்கள் சேவைச் சங்கத்தின் மதிய உணவுக் கூட்டம் வருகிற வியாழன் 12.30க்கு, நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலில். சிறப்பு விருந்தினர் ஓர் ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர். (பஸ் கண்டக்டரா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.) பேச்சுக்கு நடுவே பியானோ வாசித்தும் காட்டுவாராம். அங்கேதான் சிக்கல்.

ஹோட்டலில் இருப்பது பழைய யமஹா யு1 பியானோ. மூன்று வருடமாக யாரும் சுருதி சேர்க்கவில்லை. செல்போன் ஆப்பில் பார்த்தேன்: 440 ஹெர்ட்ஸ் இருக்கவேண்டிய ‘ஏ’ ஸ்வரம் 432ல் நிற்கிறது. மேல் ஸ்தாயியில் நான்கு கட்டைகள் அழுத்தினால் எழும்புவதில்லை, ஈரக்காற்றில் ஊதியிருக்கும். வழக்கமாக வருபவர் ஊரில் இல்லை. இரண்டு கடைகளில் அடுத்த வாரம் என்கிறார்கள். கீபோர்டு சரிப்படாது என்று விருந்தினரே சொல்லிவிட்டார். இவ்வளவு இறங்கிய சுருதி ஒரே சுற்றில் நிற்காது, அதனால் புதன் காலையே வேலை தொடங்க வேண்டும்.

புதனன்று வரக்கூடிய பியானோ ட்யூனர் யாரையாவது தெரியுமா?