'ஆர்' எழுத்துக்காரர்கள்: நீங்கள் பார்த்தவர் யார்?

நாலாம்நம்பர்ரயில்
நேற்று ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சு. பேஸ்பாலில் குடும்பப்பெயர் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்குகிற ஜாம்பவான்களை மட்டும் வைத்து ஒரு அணி போட்டால் எப்படி இருக்கும்? ரூத், மூன்று ராபின்சன்கள், ரிப்கென், ரையன், ரோஸ், கடைசியில் பூட்டுப் போட ரிவேரா. யார் ஜெயிப்பது இவர்களை! எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ரிவேரா பெயரைக் கேட்டதும் சோறு இறங்கவில்லை.

2013 செப்டம்பர் 26, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். சொந்த மைதானத்தில் ரிவேராவின் கடைசி ஆட்டம் என்று தெரிந்துதான் டிக்கெட் வாங்கினேன். ஆனால் மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதிலேயே அவருடைய அணி யாங்கீஸ் பின்தங்கியிருந்தது. அவர் க்ளோசர். க்ளோசர் என்றால் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசியில் வந்து பந்து போட்டு ஆட்டத்தை முடிக்கிறவர், தோற்கிற ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை? நானே கணக்குப் போட்டு, மறுநாள் காலை மீட்டிங் வேறு இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். 161-ஆம் தெரு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ஒரு சத்தம் எழுந்தது. ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) சத்தம் போல எழுந்து அடங்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

வீட்டில் வீடியோவில்தான் பார்த்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். அவரைத் திரும்ப அழைக்க மேனேஜர் வரவில்லை, அணித்தோழர்கள் ஜீட்டரும் பெட்டிட்டும் வந்தார்கள். பெட்டிட் தோளில் முகத்தைப் புதைத்து அந்த மனிதர் அழுதார். அன்றைக்கு மொத்தமே நாலு பேரைத்தான் அவுட்டாக்கினார். அந்த நாலும் என் டிக்கெட்டில் இருந்தது.

உங்களுக்கும் ஒரு 'ஆர்' இருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தோள்பை
கிளம்பிப் போனதற்கே இப்படியா? நான் கிளம்பப் பார்த்த ஆட்டம் எது தெரியுமா? ரிப்கெனின் 2131.

1995 செப்டம்பர் 6, பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானம். படிக்க வந்த புதிது. கூட வேலை பார்த்தவருக்கு வர முடியவில்லை, டிக்கெட் என் கைக்கு வந்தது. ஒன்றுகூட விடாமல் லூ கெரிக் ஆடிய 2130 தொடர் ஆட்டங்கள் என்ன, அதை அன்று ரிப்கென் தாண்டுவதன் கனம் என்ன, ஒன்றும் தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்தது. ரிப்கெனின் ஓரியோல்ஸ் அணி முன்னிலையில் இருந்ததால் அந்த நொடியில் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிட்டது. மைதானத்துக்கு அப்பால் ஒரு பழைய செங்கல் கிடங்கு, அதன் சுவரில் பெரிய எண்கள் தொங்கின. கடைசியில் இருந்த பூஜ்யம் போய் ஒன்று வந்தது. கூட்டம் எழுந்தது. ஆட்டக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். சாதனை என்றால் மட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், அடுத்த பந்து போடுவார்கள். இங்கே ஆட்டமே நின்றுவிட்டதே, சரி, முடிந்தது போல என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்திலிருந்த பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

22 நிமிடம் கைதட்டல். அணித்தோழர்கள் பால்மீரோவும் பொனியாவும் ரிப்கெனை ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து பிடித்துத் தள்ள, அவர் வேலியோரமாக மைதானத்தை ஒரு சுற்று வந்தார். கோவிலில் பிரசாதம் வாங்க நீட்டுகிற மாதிரி கைகள். போலீஸ்காரர்களுக்கும் கை கொடுத்தார். அவ்வளவு நேரமும் நான் பையோடுதான் நின்றேன். இறக்கி வைக்கத் தோன்றவேயில்லை.

இலக்கணத்_தாத்தா
முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். ரூத்தும் ரிவேராவும் ஒரே எழுத்தா? தமிழில் ரூ வேறு, ரி வேறு. அதைவிட, ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. இராமன், அரங்கன், உரோமம் என்று முன்னால் ஓர் உயிர் வேண்டும். அப்படிப் பார்த்தால் இராபின்சன், இரிப்கென், இரிவேரா ஒரு பக்கம். உரூத்து, உரோசு இன்னொரு பக்கம். உங்கள் அணி இரண்டாக உடைந்துவிட்டது.

என் அனுபவம் சின்னது. மகன் பால்டிமோரில் இருக்கிறான். மூன்றாவது பேஸில் பந்தைப் பிடித்துத் தடுப்பதற்கான தங்கக் கையுறை விருதை 16 முறை வாங்கிய புரூக்ஸ் ராபின்சனின் சிலை முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். நான் ஜாக்கி ராபின்சன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். படத்தில் கும்பிட்டபடியே இருக்கிறேன்.

மீனாட்சி_பட்டணத்துக்காரி
தாத்தா, உரூத்துக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் நான் எழுத வந்தது அந்த இன்னொரு ராபின்சன் பற்றி.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஏப்ரல் 15 ஆட்டத்துக்குக் கூட்டிப்போனோம். குளிருக்கு இரண்டு சால்வை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னடி, எல்லாரும் ஒரே நம்பர் போட்டிருக்காங்க? யாரு யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார். இரண்டு அணியிலும் எல்லார் முதுகிலும் 42. அந்த எண்ணை 1997-இலேயே எல்லா அணிகளிலும் நிறுத்திவிட்டார்கள், வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் போடுவார்கள் என்றேன். 1947-இல் இதே தேதியில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு இறங்கியது, அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகக் கறுப்பர்களை பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் சேர்க்காதது, ஊர் ஊராகப் போனபோது சில ஹோட்டல்களில் அவருக்கு இடம் கொடுக்காதது எல்லாம் சொன்னேன்.

அம்மா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ அவருக்குத் தனி டம்ளரா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா வளர்ந்த தெருவில் டீக்கடை எப்படி இருந்தது என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

பாப்கார்ன்
நம்ம ரிங்கு சிங்கை (கிரிக்கெட் ரிங்கு இல்லை) எல்லோரும் மறந்துவிட்டீர்களே! 2008-இல் பந்தெறியும் டிவி போட்டியில் ஜெயித்தவரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி எடுத்துக்கொண்டதே. ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்!

தோள்பை
குடும்பப்பெயர் சிங். 'எஸ்'. அவரோடு போனவர் தினேஷ் பட்டேல், 'பி'. தலைப்பைப் படியுங்கள். ரிங்கு மேஜர் லீக் வரைக்கும் போகவும் இல்லை, அப்புறம் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

பாப்கார்ன்
என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப்பெயர் என்று இருக்கிறது. நம் ஆட்களுக்கு எது முதல், எது கடைசி என்று யார் கண்டார்கள்?

அட்டைப்பெட்டி
ஹூஸ்டன். பக்கத்துத் தெருவில் கராஜ் சேல். பெட்டிக்குள் நோலன் ரையனின் 1968 டாப்ஸ் அட்டை, ஆட்டக்காரர் படம் போட்டுச் சேகரிக்கிற அட்டை. பணம் எடுத்து வர வீட்டுக்குப் போனேன். வந்தால் பெட்டியே இல்லை. அவ்வளவுதான் கதை.

ஆனால் உங்களிடம் பழைய அட்டை இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். ரப்பர் பேண்ட் போடவே போடாதீர்கள், ஓரம் நசுங்கும், மதிப்பு அங்கேயே போச்சு. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் கெட்டி உறை. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். ஈரமான பேஸ்மென்டில் வைக்காதீர்கள். துடைத்துப் பளபளப்பாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். பந்தில் கையெழுத்து வாங்கினால் மார்க்கர் வேண்டாம், மை பரவும். நீல பால்பாயின்ட் பேனா, தையல் இரண்டும் நெருங்கி வருகிற இடத்தில். யார் விற்றாலும் சான்று கேளுங்கள். பின்னே, அந்த 1968 அட்டையில் ரையன் தனியாக இருக்கமாட்டார், சக பந்துவீச்சாளர் ஜெரி கூஸ்மனும் இருப்பார். தனியாக இருந்தால் அது வேறு வருடம், ஏமாறாதீர்கள். 5714 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த பந்துவீச்சாளர், 44 வயதில் ஏழாவது நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) போட்டவர். போலி அட்டை அடிக்கிறவனும் அவரைத்தான் முதலில் அடிப்பான்.

வேகாஸ்_ஒரு_ராத்திரி
யாரும் கேட்கவில்லையே அண்ணா!

எனக்கு பீட் ரோஸ். லாஸ் வேகாஸில் ஒரு கடை. வாசலில் கயிறு கட்டி வரிசை, ஆனால் வரிசையில் மூன்றே பேர். உள்ளே தொப்பி போட்ட கனத்த மனிதர் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பந்தை அடித்து பேஸ் சேர்ந்த ஹிட் மட்டும் 4256, இன்று வரை யாரும் தாண்டவில்லை. நான் பார்த்தபோது பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். கணவர் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு "வா, பஃபே மூடிடுவாங்க" என்றார். போய்விட்டோம்.

தோள்பை
பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு 1989-இல் தடை வாங்கியவரை ரிப்கெனோடு ஒரே அணியில் வைப்பதா? என் ஓட்டு இல்லை.

வேகாஸ்_ஒரு_ராத்திரி
2025-இல் அந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள், அவர் இறந்து ஏழு மாதத்துக்கு மேல் கழித்து. உங்கள் ஓட்டு அதைவிடத் தாமதம்.

மீனாட்சி_பட்டணத்துக்காரி
சண்டையை விடுங்கள். முதலில் எழுதியவரே, தோள்பைக்காரரை ஒரு பாட்டி இழுத்து நிறுத்தினாரே, உங்களை யாரும் தடுக்கவில்லையா?

நாலாம்நம்பர்ரயில்
ஒரு கிழவர் இருந்தார். நான் தாண்டிப் போவதற்காகக் காலை மடக்கிக்கொண்டார். "நிஜமாகவே போகிறாயா?" என்றார். ரயில் என்றேன்.