இசையின் பெயரைக் காட்டும் மாட், பெட்டியில் "பியானோ3" என்று மட்டும் காட்டுகிறது (மைன்கிராஃப்ட் 1.12.2)

கரிச்சுரங்கம்:

வணக்கம். மைன்கிராஃப்ட் ஜாவா 1.12.2, மாட்களை (ஆட்டத்தோடு நாமே சேர்க்கும் துணை நிரல்களை) ஓட்டும் ஃபோர்ஜோடு. லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம்தான். நானும் மகளும் மூன்று வருடமாகக் கட்டிவரும் உலகம் இதில்தான் இருக்கிறது.

ஜூக்பாக்ஸில் இசைத்தட்டைப் போட்டால் சி418 (இசையமைத்தவர்), கேட் (பாட்டு) என்று ஆட்டமே எழுதிக் காட்டிவிடும். ஆனால் சும்மா நடந்துகொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு பியானோ வருமே, அதற்குப் பெயர் காட்டாது. என் அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். படம், பாடியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே பாட்டு வரும். பெயர் சொல்லாமல் பாட்டைப் போட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் அதே வியாதி. அதனால் ஓடுகிற இசையின் பெயரை மூலையில் காட்டும் ஒரு மாட் போட்டேன்.

வியாழன் இரவு நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தேன். 2013இல் ஹாஸ்டலில் அறைத்தோழன் விளையாட, என் முறைக்காகக் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தபோது கேட்ட அதே இசை வந்தது. பத்து வருடத்துக்கு மேலாகத் தேடுகிறேன். சட்டென்று வலது மேல்மூலையைப் பார்த்தால் "பியானோ3". இதென்ன பெயர் என்று யோசிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் உஸ்ஸ். க்ரீப்பர், பக்கத்தில் வந்து வெடிக்கும் ஜந்து. கரியும் போச்சு, வைரப் பிக்காசும் போச்சு.

முதல் திரையில் வரும் இசைக்கு மட்டும் "மூக் சிட்டி 2" என்று ஒழுங்காகக் காட்டுகிறது. உலகத்துக்குள் போனால் காம்1, ஹால்3, நுவான்ஸ்2 என்று என்னென்னவோ. இந்தப் பியானோ3 எந்தப் பாட்டு? நிஜப் பெயரை வரவைக்க வழி உண்டா? அப்புறம் ஒன்று, மகள் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. பெயர் தமிழில் வந்தால் அவளே படித்துக்கொள்வாள்.

செங்கல்சூளை:

அண்ணே, 1.21.6க்குப் போய்விடுங்கள், மாடே வேண்டாம். 2025 ஜூனில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ஆட்டமே பாட்டின் பெயரைச் சின்னப் பெட்டியில் காட்டுகிறது. இசை எவ்வளவு அடிக்கடி வரவேண்டும் என்பதற்கும் செட்டிங் இருக்கிறது.

கரிச்சுரங்கம்:

எங்கள் உலகத்தில் பாதி, மாட் வைத்துக் கட்டியது தம்பி. மேலே கொண்டுபோனால் மகள் வளர்க்கும் கோழிப்பண்ணை மெஷின்கள் மொத்தமும் காணாமல் போய்விடும். அப்புறம் வீட்டில் நான் இருக்க முடியாது.

பெயர்ப்பலகை:

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பியானோ3 என்பது "மைஸ் ஆன் வீனஸ்". சி418 என்கிற டேனியல் ரோசன்ஃபெல்டின் இசை, 2011இல் வந்த வால்யூம் ஆல்ஃபா ஆல்பத்தில் இருக்கிறது.

மாடில் கோளாறு இல்லை, வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஆட்டம் ஒரு ஒலியைத் தொடங்கும்போது மாடுக்குத் தகவல் போகும். அது இசை வகையைச் சேர்ந்தது என்றால், மாட் அந்த ஃபைலின் பெயரை எடுத்துத் தன் லாங் ஃபைலில் (திரையில் காட்டவேண்டிய சொற்களை எழுதிவைக்கும் மொழி ஃபைல்) தேடும். நேரே ஒரு பெயர் எழுதியிருந்தால் அதைக் காட்டும், இல்லாவிட்டால் ஃபைல் பெயரையே பெட்டியில் போட்டுவிடும். முதல் திரை இசை நான்குக்கும் எழுதியவர் மற்றதை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

நீங்களே எழுதிவிடலாம். மாடின் ஜார் ஃபைலை (மாட் மொத்தமும் சுருட்டி வைத்திருக்கும் ஃபைல்) 7-ஜிப்பில் திறந்து, அசெட்ஸ் ஃபோல்டருக்குள் மாட் பெயரில் உள்ள ஃபோல்டரையும் அதற்குள் லாங் ஃபோல்டரையும் பாருங்கள். ஆங்கில லாங் ஃபைலில் அந்த நான்கு வரிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அதே தினுசில் மற்றவற்றையும் சேருங்கள். ஜாருக்குள் கை வைக்க வேண்டாம். அதே ஃபோல்டர் அமைப்பில் ஒரு ரிசோர்ஸ் பேக் (ஆட்டத்தின் எழுத்து, படம், ஒலியை மேலிருந்து மாற்றும் தொகுப்பு) செய்துவிடுங்கள். அதன் பேக்.எம்சிமெட்டா ஃபைலில் பேக் ஃபார்மட் 3 என்று போடவேண்டும், 1.12.2க்கு அதுதான்.

சர்வைவல் (உயிர்பிழைத்து ஆடும் வழக்கமான முறை) இசை பன்னிரண்டும் இதோ. காம்1 மைன்கிராஃப்ட் (ஆட்டத்தின் பெயரேதான்), காம்2 கிளார்க், காம்3 ஸ்வீடன். ஹால்1 சப்வூஃபர் லல்லபை, ஹால்2 லிவிங் மைஸ், ஹால்3 ஹாக்ஸ்ட்ரோம், ஹால்4 டேனி. நுவான்ஸ்1 கீ, நுவான்ஸ்2 ஆக்ஸிஜீன். பியானோ1 டிரை ஹேண்ட்ஸ், பியானோ2 வெட் ஹேண்ட்ஸ், பியானோ3 உங்களுடையது.

உடனே கேட்டுப் பார்க்க வேண்டுமானால், ஆட்டத்தின் சொந்த அசெட்ஸ் ஃபோல்டருக்குள் இண்டெக்ஸஸில் 1.12 ஜேசன் ஃபைலை நோட்பேடில் திறந்து பியானோ3 என்று தேடுங்கள். பக்கத்தில் நீளமாக ஒரு ஹேஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி) இருக்கும். அதன் முதல் இரண்டு எழுத்துதான் ஆப்ஜெக்ட்ஸுக்குள் ஃபோல்டரின் பெயர், முழு ஹேஷ்தான் ஃபைலின் பெயர். அதை வேறு இடத்தில் காப்பி செய்து கடைசியில் .ஓக் (.ogg) சேர்த்தால் விஎல்சி பிளேயரில் ஓடும்.

செங்கல்சூளை:

அந்த வால்யூம் ஆல்ஃபாவை 2025இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. நம்மாள் இன்னும் பியானோ3 என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் 😄

கரிச்சுரங்கம்:

அதேதான்! விஎல்சியில் கேட்டேன். 4 நிமிடம் 41 விநாடி. மெல்ல ஆரம்பித்து நடுவில் எழும்பும் இடம் வந்ததும் அந்த ஹாஸ்டல் அறையின் டியூப்லைட் கூட ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பெயர்ப்பலகை ஐயா, கோடி நன்றி.

பேக் செய்து போட்டேன், தமிழில். ஆனால் உலகத்துக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தும் ஒரு இசையும் வரவில்லை. மகள் தூங்கிவிட்டாள். கடைசியில் ஸ்வீடன் வந்தது, சரியாகத் தெரிந்தது. அடுத்து வந்ததில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. வெட் ஹேண்ட்ஸில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

ஒற்றைக்கொம்பு:

தமிழ் விவகாரத்துக்கு நான் வருகிறேன், பட்டு அனுபவித்தவன்.

ஆட்டம் ஒவ்வொரு எழுத்துக் குறியையும் ஃபைலில் உள்ள வரிசையில் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வரைகிறது. யூனிகோடில் "வெ" என்றால் முதலில் வ, பிறகுதான் கொம்பு. கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை ஆட்டம் செய்யாது. ஸ்வீடனில் இடப்பக்கம் போகவேண்டிய குறி எதுவும் இல்லை, அதனால் தப்பித்தது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகர ஓகார வரிசை எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

வழி என்னவென்றால், தப்பாக எழுதுங்கள். பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினில் அடிப்பது மாதிரி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில். முதலில் கொம்பு, பிறகு வ. "கொ" என்றால் கொம்பு, க, கால் என்று மூன்றையும் தனித்தனியாக அடிக்க வேண்டும். நோட்பேடில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று வந்து அசிங்கமாக இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். ஆட்டத்தில் சரியான இடத்தில் நிற்கும்.

ஃபைலை யூடிஎஃப்-8ஆகச் சேமிக்க வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேட் அப்போது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும், முதல் வரி வேலை செய்யாது. அதனால் முதல் வரியைக் காலியாக விட்டுவிடுங்கள். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

பெயர்ப்பலகை:

இசை வராதது கோளாறு இல்லை. சர்வைவலில் ஒரு இசை முடிந்தால் அடுத்ததற்குப் 10 முதல் 20 நிமிடம் இடைவெளி. சோதித்துப் பார்க்க மட்டும் கிரியேட்டிவில் (எல்லாப் பொருளும் கையிலேயே இருக்கும் முறை) ஒரு உலகம் திறங்கள், அங்கே 1 முதல் 3 நிமிடம்தான். கிரியேட்டிவுக்கே உரிய ஆறு இசையும் நடுநடுவே வரும், அவற்றுக்கு இன்னும் நீங்கள் பெயர் எழுதவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

கரிச்சுரங்கம்:

கொம்பு உட்கார்ந்துவிட்டது!

ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டால் மகளுக்குப் பிடிக்கவில்லை, அர்த்தம் சொல்லு என்றாள். சரி என்று "வெள்ளியில் எலிகள்" என்று போட்டேன். நேற்று அந்த இசை வந்ததும் பெட்டியைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, வெள்ளிக்கிழமை மட்டும்தான் எலி வருமா?" என்கிறாள். கோள் என்று விளக்கினேன், அவள் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை எலி" என்றே மாற்றச் சொல்லிவிட்டாள், மாற்றிவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை பாக்கி. பெட்டி ஐந்து விநாடியில் மறைந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது போதவில்லை.

பெயர்ப்பலகை:

கான்ஃபிக் ஃபோல்டரில் அந்த மாடின் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அதில் 100 என்று ஒரு எண் இருந்தால் அது டிக் (ஆட்டத்தின் நேர அலகு) கணக்கு, 20 டிக் ஒரு விநாடி. 300 ஆக்கிவிடுங்கள்.