தாடியையும் ‘நேர்ச்சர்’ செய்யலாமா?

கொக்குவில் ரீச்சர்:

வீட்டு விறாந்தையில் தரம் 10 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன கிழமை வாசிப்புப் பந்தி ஒன்றில் ‘நேர்ச்சர்’ என்ற வினைச்சொல் வந்தது. அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதிவரச் சொன்னேன். பிள்ளைகளின் கையில் இருக்கும் சின்ன அகராதி அந்தச் சொல்லுக்கு ‘வளர், பேணு, ஊட்டு’ என்று மூன்று பொருள் கொடுக்கிறது. அவர்கள் மூன்றையும் விட்டுவைக்கவில்லை.

வந்த வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன். வினை வரும் இடத்தில் நேர்ச்சர் என்று வைத்து வாசியுங்கள். ‘நாங்கள் ஆடு வளர்க்கிறோம்.’ ‘அப்பா சைக்கிளைப் பேணுகிறார்.’ ‘அம்மம்மா தம்பிக்குச் சோறு ஊட்டுகிறார்.’ எல்லாவற்றுக்கும் மேலாக, பின்வாங்கில் இருக்கும் ஒருவன்: ‘என் அண்ணன் தாடி வளர்க்கிறான்.’

சிவப்புப் பேனையால் வெட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் தாடிக்காரனின் தம்பி எழும்பி நின்று, “அகராதியில் இருக்கிறதே ரீச்சர், பிறகு ஏன் பிழை?” என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. ஆடு, சைக்கிள், சோறு, தாடி நான்கும் ஏன் பொருந்தாது, எதுதான் பொருந்தும் என்று பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? ஆங்கிலேயரின் ரோசாத் தோட்டம் வேண்டாம். இவர்கள் கண்ணால் கண்ட உதாரணமாக இருந்தால் புண்ணியம்.

வட்டுக்கோட்டையார்:

ரீச்சர், பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘வளர்’ தனியாகச் சுமக்கிற பாரத்தை ஆங்கிலம் ஐந்தாறு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. தாடிக்கும் கத்தரிக்கும் ‘குரோ’. நாய், பூனை, முற்றத்துக் கோழி என்றால் ‘கீப்’. விற்பதற்கோ பாலுக்கோ வைத்திருக்கிற ஆடு மாடு என்றால் ‘ரியர்’ அல்லது ‘ரெய்ஸ்’. பெற்ற பிள்ளையை ‘பிரிங் அப்’. சோறு ஊட்டுவது ‘ஃபீட்’. சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுத் துடைப்பது ‘மெயின்டெயின்’, பேச்சில் ‘லுக் ஆஃப்டர்’. இவர்கள் எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சுகிற காணியில்தான் நேர்ச்சர் குடியிருக்கிறது.

அந்தக் காணியின் எல்லையைக் காட்ட நான் வகுப்பில் இரண்டு கேள்வி கேட்பதுண்டு. அது தானாக வளரக்கூடியதா? நாங்கள் விட்டுவிட்டுப் போனால் கெட்டுப்போகுமா, குன்றிப்போகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் நேர்ச்சர் வரலாம். சைக்கிள் முதலாவது கேள்வியிலேயே விழுந்துவிடும். எவ்வளவு துடைத்தாலும் அது மோட்டார் சைக்கிள் ஆகப்போவதில்லை. தாடி இரண்டாவதில் விழும். அண்ணன் கவனிக்காமல் விட்டால் அது இன்னும் செழிப்பாக வளரும். சோறு வளர்வதே இல்லை. அத்துடன் இலக்கணமும் இடம் கொடாது: ‘ஃபீட்’ தம்பியையும் சோற்றையும் சேர்த்துத் தாங்கும், நேர்ச்சர் தம்பியை மட்டுமே தாங்கும்.

ஆடுதான் வில்லங்கம். தானாகவும் வளரும், விட்டால் கெட்டும் போகும். ஆனாலும் தீபாவளிக்கு விலை பேசி வைத்திருக்கிற கடாவை நேர்ச்சர் செய்கிறேன் என்று எழுதினால் வாசிக்கிறவர் சிரிப்பார். வளர்ப்பின் பயன் வளர்கிறவருக்கே போய்ச் சேர வேண்டும் என்ற வாடை இந்தச் சொல்லில் இருக்கிறது. அதே பட்டியில் தாய் செத்துப்போன குட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் கிடத்தி, சூப்பிப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துத் தேற்றுகிறார்கள் என்றால், அதற்குத் தாராளமாக எழுதலாம்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

ஐயா, நான் மிளகாய் வைப்பது விற்பதற்குத்தான். அப்படியென்றால் என் கன்றுக்கு இந்தச் சொல் கிடையாதா?

மேடை போட்டு, விதை தூவி, மேலே வைக்கோல் பரப்பி, முளை தெரிந்தவுடன் வைக்கோலைக் கையால் மெல்ல எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிறி நெடுத்துவிடும். காலையும் பின்னேரமும் பூவாளியால்தான் தண்ணீர். வாளியால் ஊற்றினால் எல்லாம் சரிந்து படுத்துவிடும். தண்ணீர் கூடினால் தண்டு அடியில் அழுகி, மேடையில் வட்டம் வட்டமாகச் சாயும். வெயில் ஏற முன் கிடுகால் மறைப்பு. பிடுங்கி நடுவதற்குச் சில நாளுக்கு முன் அந்த மறைப்பையும் எடுத்து, தண்ணீரையும் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குவோம். இத்தனையும் ஒரு மாதமளவில். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்க்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வட்டுக்கோட்டையார்:

தம்பி, ரீச்சர் கேட்ட உதாரணம் உங்களுடையதுதான். மேடையில் இருக்கும்வரை நேர்ச்சர். நட்டு, வாய்க்கால் கட்டி, இறைப்பு மெஷின் பூட்டிய பிறகு குரோ. கன்று அதேதான், சொல் மாறிவிடுகிறது. மேடையில் நீங்கள் விலையை நினைத்து நிற்பதில்லை, ஒவ்வொரு முளையும் பிழைக்க வேண்டும் என்றுதான் நிற்கிறீர்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கன்று வாங்குகிற இடமும் நேர்சரி, சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற முன்பள்ளியும் நேர்சரி. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நேர்ஸும் அதே குடும்பம். எல்லாம் பாலூட்டு, ஊட்டி வளர் என்று பொருள்படும் ‘நூட்ரீரே’ என்ற லத்தீன் வினையின் வழி வந்தவை. நேர்ஸ் என்பவர் முதலில் குழந்தைக்குப் பாலூட்டிய பெண். நோயாளி அவரிடம் வந்து சேர்ந்தது பிறகு.

கொக்குவில் ரீச்சர்:

மிளகாய் மேடை எடுபடும். வகுப்பில் பாதிப்பேர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு சந்தேகம் மிச்சம். வெயிலுக்குப் பழக்குவதையும், தண்ணீரைக் குறைப்பதையும் தம்பி எழுதியிருக்கிறார். என் பிள்ளைகளுக்கோ நேர்ச்சர் என்றால் செல்லம் கொடுப்பது என்ற எண்ணம் வந்துவிட்டது. கண்டிப்புக்கும் இந்தச் சொல்லில் இடம் உண்டா?

வட்டுக்கோட்டையார்:

உண்டு, அதுவும் பழைய இடம். நான் சைவப்பழம்; ஆனால் படித்தது மிஷன் பாடசாலையில், வேதாகம வகுப்பும் விடவில்லை. எபேசியர் 6:4 இல், தகப்பன்மார் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் நேர்ச்சர் என்று போட்டிருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தைப் பாருங்கள்: ‘சிட்சை’! கிரேக்கச் சொல் பிள்ளையைப் பழக்கி ஆளாக்குவதைக் குறிப்பது. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அங்கே ‘டிசிப்ளின்’ என்றும் ‘ட்ரெயினிங்’ என்றும் மாற்றிக்கொண்டன. இன்றைய வழக்கில் நேர்ச்சரின் கண்டிப்புப் பக்கம் மங்கிப்போய் அன்புப் பக்கம் மட்டும் மினுங்குகிறது. ஆனாலும் செல்லத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாம்பர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் குழப்ப விட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது பிரம்புக்கு நியாயம் தேடினால் நான் பொறுப்பில்லை.

அளவெட்டிப் பெண், லண்டன்:

ரீச்சர், நான் இங்கே ஓர் ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். எனக்கு இது தினமும் புழங்குகிற சொல். ‘நேர்ச்சர் குறூப்’ என்று ஒன்று இருக்கிறது. மார்ஜரி பொக்சோல் என்ற கல்வி உளவியலாளர் 1969 இல் இந்த நகரத்தில் தொடங்கி வைத்த முறை. பெரிய வகுப்பில் ஒட்டமுடியாமல் அடிபிடிப்படுகிற, அல்லது வாயே திறக்காத பிள்ளைகளைச் சிறு குழுவாக எடுத்து, பெரியவர்கள் இருவர் ஒரு தனி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த அறையில் சோபா இருக்கும், ஒரு சமையல் மூலையும் இருக்கும். எல்லோரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுவதும் பாடத்தில் அடக்கம்.

எங்கள் குழுவில் காலையில் வாட்டிய பாணும் பட்டரும். தட்டு சுற்றி வரும்போது பறிக்காமல் இருப்பது, பட்டர் கத்தியைப் பிடிப்பக்கம் திருப்பி அடுத்தவரிடம் கொடுப்பது, “உனக்கு ஜாம் வேண்டுமா?” என்று கேட்பது. இவ்வளவுதான் பாடம். ஒருவன் வந்த புதிதில் ஒரு துண்டைத் தின்று, இன்னொன்றைச் சட்டைக் கைக்குள் செருகுவான். நாங்கள் கண்டும் காணாததுபோல அவன் தட்டில் இன்னொன்றை வைப்போம். நாளாக நாளாகச் சட்டைக் கை சுத்தமாக வரத் தொடங்கியது. தலைமை ஆசிரியைக்கு அதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். இங்கே எந்தத் தாயும் ‘நான் என் மகனை நேர்ச்சர் செய்கிறேன்’ என்று பேசுவதில்லை. அது அறிக்கையில், பாடசாலை விளம்பரத்தில், வேலைக்கு ஆள் கேட்கும் அறிவித்தலில் வருகிற சொல். வாய்ப்பேச்சில் வந்தால் அடைமொழியாக வரும்: ‘நேர்ச்சரிங்’ ஆன ரீச்சர் என்றால், பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து தூக்கிவிடுகிறவர். கட்டுரைக்கு நேர்ச்சர் சரி. நேர்முகத்தில் அம்மாவைப் பற்றிக் கேட்டால் ‘பிரிங் அப்’ போதும்.

உயர்தரம் உயிரியல்:

எங்களுக்கு ‘நேச்சர் – நேர்ச்சர்’ என்று சோடியாகத்தான் தெரியும். பிறவிக்குணமா, வளர்ப்பா என்ற விவாதம். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1874 இல் தன் நூலின் தலைப்பிலேயே இரண்டையும் சேர்த்து வைத்தார். அங்கேயும் அன்பாகப் பார்ப்பது என்றுதானா பொருள்? அதோடு, ‘மனதில் வஞ்சம் வளர்த்தான்’ என்பதற்கு நேர்ச்சர் போடலாமா?

வட்டுக்கோட்டையார்:

சோடியாக வரும்போது பொருள் அகன்றுவிடும் பிள்ளை. பிறந்தபின் வந்து படுவதெல்லாம் அதில் அடக்கம்: தாய்ப்பால், பாடசாலை, காய்ச்சல், பட்டினி, வாங்கிய அடி எல்லாம். அங்கே அன்பைத் தேட வேண்டாம்.

வஞ்சத்துக்கு வழக்கமான வினை ‘நேர்ஸ்’. மனதின் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பது. நேர்ச்சர் போட்டால் பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் காது நேர்ஸைத்தான் எதிர்பார்க்கும். ஆசை, கனவு, திறமை, நட்பு, இளம் ஆட்டக்காரர், புதிதாகத் தொடங்கிய சின்னக் கடை, இவற்றுக்கு நேர்ச்சர்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: ‘ஃபொஸ்டர்’. அதன் வேரும் சாப்பாடுதான். பழைய ஆங்கிலத்தில் உணவு என்று பொருள். எங்கள் ஊரில் வளர்ப்புப் பிள்ளை என்றால் தத்தெடுத்ததும் அடங்கும், சித்தி வீட்டில் வளர்வதும் அடங்கும். ஆங்கிலத்தில் சட்டப்படி தத்தெடுத்தால் ‘அடொப்ட்’. சட்டப்படி தத்தெடுக்காமல், இன்னொரு வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் ஃபொஸ்டர். ஒற்றுமை, நல்லிணக்கம் போன்றவற்றுக்கும் அதுவே வரும். இங்கே வெளிவருகிற திட்ட அறிக்கைகளில் அந்த ஒரு வினையை எடுத்துவிட்டால் பாதிப் பக்கம் வெறுமையாகிவிடும்.

கொக்குவில் ரீச்சர்:

சனிக்கிழமைக்கு இடைவெளி நிரப்பும் பயிற்சி தயார். குரோ, ரியர், ஃபீட், மெயின்டெயின், நேர்ச்சர் ஐந்தையும் கொடுத்திருக்கிறேன். வாக்கியங்கள் இப்படிப் போகின்றன: மாமா மேடையில் உள்ள மிளகாய்க் கன்றுகளை –––. அதே கன்றுகளைப் பிறகு தோட்டத்தில் –––. பயிற்றுநர் எங்கள் ஊர் உதைபந்தாட்டப் பிள்ளைகளின் திறமையை –––. சித்தப்பா விற்பதற்கு ஆடு –––. அண்ணன் தாடி –––. அம்மம்மா தம்பிக்குச் சோறு –––. அப்பா சைக்கிளை –––. கடைசியாக, மாரி மழை நெல்லை –––. அதற்கு நேர்ச்சர்தானே?

வட்டுக்கோட்டையார்:

கவிதையில் எழுதுவார்கள். பயிற்சியில் வேண்டாம். மழைக்கு நெல்லின்மேல் அக்கறை கிடையாது, சில வருடம் அள்ளிக்கொண்டும் போகிறது. அங்கே ‘நரிஷ்’ இயல்பாக இருக்கும். அதை ஆறாவது சொல்லாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். தாடி வாக்கியத்தை மட்டும் முதலாவதாகப் போடுங்கள் ரீச்சர். அவன் தம்பி முழித்துக்கொண்டிருப்பான்.