சீட்டில் ஹைப்போஸ்டோமஸ், ஆனால் கதிர் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. உதவி தேவை

விலங்கியல்_மாணவி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடி ஒன்றில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான "டேங்க் கிளீனர்" (மீன் தொட்டிகளில் வளர்க்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி) இருக்கு. சீட்டில் பழைய மையில் ஹைப்போஸ்டோமஸ் ப்ளெகோஸ்டோமஸ் என்று எழுதியிருக்கு. ரெக்கார்டுக்காக இனங்காணும் கீயை (படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலை) வைத்துச் சரிபார்க்க உட்கார்ந்தேன். உறிஞ்சு வாய், உடம்பு முழுக்க எலும்புத் தகடு. லோரிகாரிடே குடும்பம் வரைக்கும் சிக்கல் இல்லை. அடுத்த படியில், முதுகுத் துடுப்பில் முள்ளுக்குப் பின்னால் 7 கதிர் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சி) இருந்தால் ஹைப்போஸ்டோமஸ் என்கிறது. எனக்கு மொத்தம் 15 வருது. மூணு தடவை எண்ணிட்டேன். நான் எண்ணுவது தப்பா, கீ தப்பா?

இன்னொன்று: பக்கவாட்டில் முள்தகடு வைத்த டோராடிடே குடும்பம்தான் இதற்கு நெருங்கிய சொந்தம்னு எழுதியிருந்தேன். சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ஏன்?

தொட்டி_அண்ணன்:
தங்கச்சி, கீ சரிதான். சீட்டுதான் தப்பு. கடையில் தென் அமெரிக்க உறிஞ்சுவாய் மீன் எது வந்தாலும் "பிளெக்கோ"ன்னே விற்பாங்க, அந்தப் பேர்தான் ஜாடிக்கும் வந்திருக்கு. உன்னிடம் இருப்பது பாய்மரம் மாதிரி துடுப்பு விரியும் டெரிகோப்லிக்திஸ் என்றே நினைக்கிறேன்.

மறுபடி எண்ணு. முன்னால் முள்ளைப் பூட்டும் சின்னக் கட்டை முள் ஒன்று இருக்கும், அதை விடு. பெரிய முள்ளையும் விடு. கடைசிக் கதிர் அடியிலேயே இரண்டாகப் பிரிந்து நிற்கும், அது ஒன்றுதான். பிறகு வயிற்றைப் பார்: புள்ளிகள் தனித்தனியா, இல்லை புழு நெளிந்த மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருக்கா?

எலும்புக்கூடு:
டோராடிடே பற்றி நான் சொல்கிறேன், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். தகட்டைப் பார்த்து உறவு சொல்லாதீர்கள். டோராடிடே மீன்களுக்குப் பக்கக்கோட்டை ஒட்டி ஒரே வரிசை முள்தகடு; அது தனியாக வந்த கவசம். உங்கள் மீனின் தகட்டை உருப்பெருக்கியில் பாருங்கள், மேலே பொடிப்பொடியாக முட்கள் தெரியும். ஒவ்வொன்றும் பல்லைப் போலவே கூழ், டென்டின், மேல் உறை என்று அமைந்தது. பெயர் ஓடோன்டோடு. வாலிலிருந்து தலைப்பக்கம் விரலைத் தடவினால் அரம் மாதிரி உரசும். டோராடிடேக்கு இது கிடையாது.

இந்தத் தோல்பல் உள்ள கூட்டம்தான் லோரிகாரியாய்டியை: கோரிடோரஸ் என்ற சின்னத் தொட்டி மீன் அடங்கிய காலிக்திடே, காண்டிரு என்ற ஒட்டுண்ணி மீன் அடங்கிய ட்ரைகோமிக்டெரிடே எல்லாம் இதற்குள். எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி அஸ்ட்ரோப்ளெபிடே. ஆண்டிஸ் மலை ஓடைகளில் வாயாலும் இடுப்புத் துடுப்பாலும் பாறை ஏறும் மீன்கள். உடம்பில் தகடே இல்லை, வெறும் தோல். ஆனாலும் லோரிகாரிடேக்கு அதுதான் மிக நெருங்கிய குடும்பம். கவசம் இழந்த உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தாடை எலும்பில் பல் மிச்சமிருக்கும் டிப்ளோமிஸ்டிடே குடும்பம்தான் கெளுத்திகளின் பரிணாம மரத்தின் முதல் கிளை என்று வெகுகாலம் எழுதினார்கள். 2006-இல் சல்லிவன், லண்ட்பெர்க், ஹார்ட்மேன் மூவரும் ராக்1, ராக்2 மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது முதலில் பிரிந்தது லோரிகாரியாய்டியை என்று வந்தது. ஆக நம்ம ஊர்க் கெளுத்தி, டோராடிடே, டிப்ளோமிஸ்டிடே எல்லாம் ஒரு பக்கம். உங்கள் மீன் மறுபக்கம். சார் சுழித்தது நியாயம்தான்.

பெயர்க் குழப்பமும் புதிதில்லை. 1758-இல் லின்னேயஸ் ப்ளெகோஸ்டோமஸைச் சேர்த்தது ஸ்டர்ஜன் மீன்களின் பேரினத்தில்!

விலங்கியல்_மாணவி:
அண்ணா, 12! கட்டை முள், பெரிய முள் இரண்டையும் சேர்த்து, கடைசிக் கதிரையும் இரண்டாகத் தப்பாக எண்ணியிருக்கேன். வயிற்றில் பாதி புள்ளி, பாதி நெளிகோடு. இதை எப்படி எழுத?

தொட்டி_அண்ணன்:
டெரிகோப்லிக்திஸில் தனிப்புள்ளி என்றால் பர்டாலிஸ் இனம், சேர்ந்த நெளிகோடு என்றால் டிஸ்ஜங்டிவஸ் இனம். நடுவாந்தரமாக இருப்பதை இனம் வரை இழுக்காதே. "டெரிகோப்லிக்திஸ், இனம் உறுதியில்லை" என்று எழுது, அது குறை இல்லை.

எலும்புக்கூடு:
பழைய சீட்டை எறிந்துவிடாதீர்கள். புதியதைப் பென்சிலில் எழுதி அதே ஜாடிக்குள் கூடவே போடுங்கள். மீன் எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் இருக்கா?

விலங்கியல்_மாணவி:
இப்போதான் பார்த்தேன். "ஏரி, வலையில் சிக்கியது" என்று மட்டும் இருக்கு. கடைத் தொட்டி மீன்னு நினைச்சிருந்தேன். சாரிடம் எந்த ஏரி என்று நாளைக்குக் கேட்டு அதையும் சீட்டில் சேர்க்கிறேன்.