மறு: ஐ.யூ.டி.க்குத் தமிழ்ச் சொல்: ‘கருப்பைச் செருகி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஐ.யூ.டி., அதாவது கருத்தரிக்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில்.

‘கருப்பையகக் கருத்தடைச் சாதனம்’ மொழிபெயர்ப்பாகச் சரிதான், ஆனால் வாயில் நிற்காது. போன வாரம் தாராவியில் ஒரு மருத்துவ முகாம். கைக்குழந்தையோடு வந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கு நான்தான் படிவத்தை வாசித்துச் சொன்னேன். இந்த வரி வந்ததும் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, “ஆபரேசனாக்கா? இனி பிள்ளையே பொறக்காதா?” என்றார். ‘கருத்தடை’ என்றாலே நம் காதில் ஆபரேஷன் என்றுதான் விழுகிறது. எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதியே. பெயர் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

‘வளையம்’ என்று சொல்லலாமே என்றால், அது பழைய கதை. 1920களில் ஜெர்மனி மருத்துவர் கிராஃபென்பெர்க் செய்தது வளையம்தான். 1965இல் நம் நாட்டுக்கு வந்த ‘லூப்’ என்ற சாதனம், நெளிநெளியான பிளாஸ்டிக். இப்போது அரசு மருத்துவமனைகளில் போடும் காப்பர் டி 380ஏ, 36 மி.மீ. உயரமுள்ள ஒரு ‘டி’ எழுத்து. தவிர, யோனியில் வைக்கும் ஹார்மோன் வளையம் என்று வேறொன்று இருக்கிறது, இரண்டும் குழம்பும்.

இங்கே மும்பையில் மராத்திப் பெண்கள் இதைத் ‘தாம்பி’ என்கிறார்கள். தாமிரத்திலிருந்து எவ்வளவு செல்லமாக ஒரு சொல்! அதே வழியில் ‘செம்பி’ என்று சொன்ன நண்பருக்கு நன்றி, எனக்கும் ஆசைதான். ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைச் சுரக்கும் வகையில் செம்பே கிடையாதே. அதனால் பொதுப்பெயர் கருப்பைச் செருகி. வகைப்பெயர்கள் செம்புச் செருகி, ஹார்மோன் செருகி.

‘செருகி என்றால் அடைப்பான் மாதிரி இல்லையா?’ என்று பெங்களூர் அண்ணன் கேட்டிருந்தார். கொண்டையில் பூவைச் செருகுகிறோம், இடுப்பில் கொசுவத்தைச் செருகுகிறோம். எதையும் அடைப்பதில்லை அண்ணா, வேண்டும்போது உருவிவிடுகிறோம். செம்புச் செருகியும் வாசலை அடைப்பதில்லை. தண்டில் சுற்றிய கம்பியிலிருந்தும் இரு கைகளில் உள்ள செம்பிலிருந்தும் கசியும் அயனிகள் விந்தணுக்களை முடக்குகின்றன. கரு உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. ஆகவே ‘கலைப்பான்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவே மாட்டேன். ஏற்கெனவே பயந்திருக்கும் பெண்ணின் தலையில் பாவச் சுமையையும் ஏற்றும் சொல் அது.

செருகியின் அடியில் தொங்கும் நூலுக்குப் புதுச்சொல் வேண்டாம். நர்சுகள் “நூல் தட்டுப்படுதா?” என்றுதான் கேட்கிறார்கள், அது போதும். வினைச்சொல்லும் அப்படித்தான்: செருகி போட்டேன், செருகியை எடுத்தேன். 380ஏ என்றால் 10 ஆண்டு வரை இருக்கலாம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் பெண்கள் கூட்டம் இருக்கிறது. துண்டறிக்கையில் ‘கருப்பைச் செருகி, அதாவது காப்பர் டி’ என்று போட்டு வாசித்துக் காட்டப் போகிறேன். “அப்படின்னா?” என்று யாராவது கேட்டால் அதையும் இங்கே எழுதுகிறேன். செருகியை உள்ளே செலுத்தும் குழலுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.