ஒரு காதுக்கு மெஷின் போட்டும் கோயில்லயும் மண்டபத்துலயும் அம்மாவுக்குப் பேச்சு பிரியல, என்ன செய்யலாம்?

கடலோரம்:
அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவு மந்தம்தான், ஆனா காசப் பாத்து வலது காதுக்கு மட்டும் மெஷின் வாங்கினோம். வீட்டுல அடுக்களைல நின்னு மெதுவா கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்குதாங்க, போன்ல சின்னம்மைகிட்ட மணிக்கணக்கா பேசுதாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசைக்குப் போனா மட்டும் சாமியார் பிரசங்கம் ஒண்ணும் புரியாது, "சத்தம் கேக்கு மக்கா, வார்த்தைதான் பிரியல"ங்காங்க. போன மாசம் நாகர்கோவில்ல ஒரு கல்யாணம், வெளிய செண்டமேளம், உள்ள பூராவும் டைல்ஸும் கண்ணாடியும், பந்தில பக்கத்துல இருந்த அத்தை கேட்டதுக்குக்கூட சும்மா தலையாட்டிட்டு இருந்தாங்க, எனக்கு மனசு கேக்கல. இப்ப கோயிலுக்கே வரலன்னு சொல்லுதாங்க. மெஷின்ல சத்தத்தக் கூட்டி வைக்கவா, இல்ல அடுத்த காதுக்கும் வாங்கணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் ஆடியோலஜி:
கூட்டாதீங்க அக்கா, கூட்டினா மேளமும் எக்கோவும் சேந்துதான் கூடும். அம்மா சொன்ன அந்த ஒரு வரியிலயே விஷயம் முழுசும் இருக்கு.

இடது பக்கம் பேசினா சத்தம் இடது காதுக்கு முதல்ல போகும், வலது காதுக்கு கொஞ்சம் பிந்திப் போகும், அந்த வித்தியாசம் மிஞ்சிப் போனா 0.7 மில்லிசெகண்ட்தான், அதையும் மூளை அளந்துரும். கூடவே தலை குறுக்க நிக்குறதால கீச்சு சத்தங்கள் வலது பக்கம் கொறஞ்சு கேக்கும். இந்த ரெண்டையும் வச்சுத்தான் கூட்டத்துல ஒரு ஆள் குரல மட்டும் மூளை தனியா பிரிச்செடுக்குது. 1953ல காலின் செர்ரிங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி இத சோதிச்சுப் பாத்தாரு. ரெண்டு பேச்ச ஒண்ணாக் கலந்து குடுத்தா ஒண்ணப் பிரிச்சு எடுக்க ஆளுங்க திணறினாங்க, ஒரு காதுக்கு ஒரு பேச்சுன்னு தனித்தனியா குடுத்தப்ப சுலபமா எடுத்தாங்க. உங்க அம்மாவுக்கு இப்ப ஒரு பக்கம் மட்டும் தெளிவா கேக்குறதால பிரிக்க மூளைக்குப் பிடிமானம் இல்ல.

எக்கோ வேற. சுவத்துல பட்டு சீக்கிரமா, ஒரு 30 மில்லிசெகண்டுக்குள்ள திரும்பி வர்றத மூளை முதல் சத்தத்தோட சேத்துக்கும், தொந்தரவு இல்ல. பெரிய கோயில்ல சத்தம் அடங்க 2 செகண்டுக்கு மேலயும் ஆகும், வகுப்பறைக்கு 0.6 செகண்ட் போதும்னு சொல்லுவாங்க. பலமான உயிரெழுத்து சத்தம் இழுத்துட்டே இருக்க, அடுத்து வர்ற சன்னமான மெய்யெழுத்து அதுல முங்கிரும். பாவம், சாபம், தாகம் மூணும் ஒரே மாதிரி கேக்கும். வயசான காதுல முதல்ல போறதும் அந்த சன்ன சத்தம்தான்.

அடுத்த காதுக்கும் போட்டா பெரும்பாலானவங்களுக்கு நல்ல மாற்றம் தெரியும், ஆனா சில வயசானவங்களுக்கு ரெண்டு போட்டா குழப்பம் கூடுறதும் உண்டு. அதனால ட்ரையலுக்கு வாங்கி, அதப் போட்டுட்டே ஒரு பூசைக்குக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க, கிளினிக் ரூம்ல பாத்துட்டு முடிவெடுக்காதீங்க. இரைச்சலுக்கு நடுவுல பேச்சு எவ்வளவு புரியுதுன்னு பாக்குற டெஸ்டும் கேளுங்க. ஒரு காத ரொம்ப வருஷம் சும்மா போட்டு வச்சா அந்தப் பக்கம் பேச்சப் பிரிச்சறியுற திறனும் கொறைய வாய்ப்பு உண்டு.

தோவாளை தம்பி:
எனக்கு சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது சுத்தமா போச்சு அக்கா. வடசேரி பஸ் ஸ்டாண்டுல யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்தப் பக்கம்னே தெரியாது, முழுசா சுத்திப் பாக்கணும். அம்மா தலையாட்டுறத தயவுசெஞ்சு அலட்சியம்னு யாரும் நினைச்சிராதீங்க, பாதி வார்த்தைய ஊகிச்சு ஊகிச்சு சாயங்காலம் தலையே கனத்துப் போகும். பந்தில அவங்கள இடது ஓரத்துல உக்கார வைங்க, மெஷின் போட்ட காதுப் பக்கம் நம்ம ஆளுக இருக்கணும், மேளமும் சமையக்கட்டும் அடுத்த பக்கமா இருக்கட்டும். பேசுறவங்க மூஞ்சில வெளிச்சம் படணும், உதட்டப் பாத்தே பாதி புரியும்.

தக்கலை சவுண்ட் சர்வீஸ்:
கோயில் கமிட்டிகிட்ட ஒண்ணு சொல்லுங்கக்கா. முன்னால ரெண்டு பெரிய பாக்ஸ் வச்சு அலறவிட்டா பின்னால இருக்கவங்களுக்கு எக்கோதான் கெடைக்கும். தூணுக்குத் தூண் காலம் (column) ஸ்பீக்கர், அதான் ஒல்லியா நீளமா இருக்க பெட்டி, வச்சு, ஆளுக பக்கமா திருப்பி, சவுண்டக் கொறச்சு வைக்கணும். அதுல டிலே போடணும், அதாவது சத்தத்தக் கொஞ்சம் பிந்தி விடணும். 34 மீட்டர் தாண்ட சத்தத்துக்கு 100 மில்லிசெகண்ட் ஆகும், அதக் கணக்குப் பண்ணாம விட்டா பக்கத்து ஸ்பீக்கர் முதல்ல பேசும், முன்னால உள்ளது பிறகு வந்து மேல விழும், நல்ல காது உள்ளவங்களுக்கே புரியாது. பிரசங்கத்துக்கு மைக் வாய்க்குப் பக்கத்துல இருக்கணும், ஒரு முழம் தள்ளி நின்னு பேசினா மைக்கே எக்கோவ எடுத்து அனுப்பும்.

கடலோரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ட்ரையல் கேக்கப் போறேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். கமிட்டில மாமா ஒருத்தர் இருக்காரு, டிலே விஷயத்த அவர்கிட்ட பேசுதேன். அதுவரைக்கும் கோயில்ல அம்மாவ எங்க உக்கார வைக்கது?

தக்கலை சவுண்ட் சர்வீஸ்:
ஸ்பீக்கருக்கு நேர் கிட்டக்க அக்கா. தூரம் பாதியாக் கொறஞ்சா நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் கூடும், எக்கோ கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மெஷின் காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கணும், அத மட்டும் பாத்துக்கோங்க.