பூம்புகார்க் கடலோரத்தில் அலைகளுக்கு நடுவே ஓர் உறைகிணறு

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், பூம்புகாரிலிருந்து தெற்கே வானகிரி நோக்கிக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். முந்தைய இரண்டு நாள்களும் அலை சீறி அடித்து மணலை வாரிச் சென்றிருந்ததால், ஈரமணலில் வட்டமாக ஏதோ ஒன்று விளிம்பு தெரிய நின்றது. குனிந்து மணலை விலக்கினேன். சுட்டமண் வளையமான உறை, அதற்குக் கீழே மற்றோர் உறை; இப்படி உறைகளை அடுக்கி இறக்கியதுதான் உறைகிணறு. அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், “பேத்து எடுத்துடாதீங்க தம்பி, அது அந்தக் காலத்து நல்ல தண்ணிக் கெணறு. ரெண்டு நாள்ல மணல் தானே மூடிக்கும்” என்றார்.

நல்ல தண்ணீர் என்று அவர் சொன்னதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. குடிநீருக்காக உறை இறக்குகிறவர் எவரும் அலை புரளும் இடத்தில் இறக்க மாட்டார். அந்தக் கிணறு தோண்டப்பட்ட நாளில் அதைச் சுற்றி வீடுகள் இருந்திருக்க வேண்டும். கடல் வெகுதொலைவில் இருந்திருக்க வேண்டும். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கு மேற்கொண்ட ஆய்வுகளில், கடல்நீர் ஏறி இறங்கும் இந்தக் கரைப்பட்டையிலேயே உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் பதிவாகியுள்ளன. பூம்புகாரை அடுத்த கீழையூரிலோ நிலைமை நேர்மாறானது. 1960களில் அங்கே அகழ்ந்து காணப்பட்ட செங்கல் படகுத்துறையும் அதனருகே நட்டிருந்த மரத்தூண்களும் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன. படகுகள் நின்ற அந்த இடம் இன்று வறண்ட நிலம். ஆற்றுக்கால் தூர்ந்து துறை தரையானது. கரை அரிக்கப்பட்டுக் கிணறு கடலானது.

1991இல், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்று கண்டறியப்பட்டதை வைத்து, சோழர் பட்டினம் முழுதாக அங்கே கிடக்கிறது என்று நம்புகிறவர்கள் பலர். கடல்மட்டம் அவ்வளவு தாழ்ந்திருந்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் என்பதால், சங்ககாலத் துறைமுகத்தோடு அதை இணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது மனிதர் கட்டியதுதானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. இந்திர விழா நின்றுபோனதால் கடல் ஊரைக் கொண்டது என்று மணிமேகலை கூறுவதை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த உறைகிணற்றருகே நின்றபோது, தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாகக் கரையைத் தின்று வந்த கடலைத்தான் கண்டேன்.

*

ஐயா, வணக்கம். நான் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். என் தந்தையார், கடலடியில் எதிலாவது வலை சிக்கும் இடங்களைக் கரையிலுள்ள பனைமரங்களையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்து நினைவில் குறித்துக்கொள்வார். வலை கிழிந்தால் அந்த வாரப் பிழைப்பே போய்விடும் என்பதால், அவை எங்களுக்கு விலகிச் செல்ல வேண்டிய இடங்களாக மட்டுமே இருந்தன. பூம்புகாருக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து, 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள் எடுக்கப்பட்டன என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, எங்கள் வலைகள் எவற்றிலெல்லாம் சிக்கியிருக்கும் என்று எண்ணி வியந்தேன். முக்குளித்து ஆய்வு செய்ய வந்தவர்களோடு ஒருமுறை படகில் சென்றேன். காவிரி வண்டல் கலங்கிய நீரில், நீட்டிய கையே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் அவர்கள் மேலே வந்தார்கள்.

*

கடல் கரையைத் தின்று வருவதைத் தரங்கம்பாடியில் எவரும் நேரில் காணலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சிறுமியாக இருந்தபோது, கோயிலின் கற்கள் அலைக்குள் கிடப்பதைப் பாட்டி எனக்குக் காட்டியிருக்கிறார். முதலில் எழுதிய ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த உறையை அளந்தீர்களா? இடத்தைக் குறித்து வைத்தீர்களா?

*

அளந்தேன், அம்மா. கையில் அளவுநாடா இல்லாததால் சாணால்தான் அளந்தேன்; குறுக்களவு மூன்று சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. கரையிலிருந்த ஒரு மரத்திலிருந்து அதுவரை எத்தனை அடி என்று காலால் நடந்தும் குறித்துக்கொண்டேன். மறு ஆண்டு அதே மாதத்தில் சென்றபோது அந்த மரமே அங்கு இல்லை.